பழைய ரேஞ்ச் ரோவர் வாங்குமுன் போர்மேனைத் தேடுங்கள்

காஜாங்கில் இருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. கையில் ஒன்றரை லட்சம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வைத்திருக்கிறார். சுங்கை பீசி பக்கம் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் ஒன்று பார்த்திருக்கிறார். 2014இல் செய்தது, 3.0 பெட்ரோல், இங்கிலாந்திலிருந்து ரீகானாக, அதாவது அங்கே ஓடிய பழைய இறக்குமதியாக வந்து 2018இல் இங்கே பதிவானது. மீட்டரில் 72,000. கேட்கும் விலை 148,000 வெள்ளி. வேலை நாளில் கேஎல் போய் வரவேண்டும், மாதத்தில் ஓரிரு முறை கோலசிலாங்கூரில் மாமாவின் செம்பனைத் தோட்டத்துக்குள் போகவேண்டும். வாங்கலாமா, எதையெல்லாம் பார்க்கவேண்டும், இல்லை லேண்ட் குரூசர் பக்கம் போய்விடுவதா என்று கேட்கிறார்.

நான் சிகாம்புட்டில் ஐரோப்பியக் காடிகளுக்கு (கார்களுக்கு) ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஆள். காடி விற்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் காடி என் கடைக்கு வராது, படுத்துவிட்ட காடியின் சொந்தக்காரர்தான் வருவார். அதனால் என் பார்வை கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நேரடியான பதில்: அந்த மாடலை வாங்கலாம், நல்ல காடிதான். ஆனால் ஒன்றரை லட்சம் கையிலிருக்கும்போது 148,000க்கு வாங்கக்கூடாது. அப்புறம், காடியைத் தேடுவதற்கு முன்னால் அதைப் பார்த்துக்கொள்ளப்போகும் போர்மேனை, அதாவது மெக்கானிக்கைத் தேடிப் பிடிக்கவேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காடியை வாங்கி, எட்டாவது மாதம் சஸ்பென்ஷன் விளக்கு எரிந்த பிறகு, "அண்ணே, யாராவது நல்ல வொர்க்‌ஷாப் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்த நேரத்தில் யார் என்ன விலை சொன்னாலும் தலையாட்டத்தான் வேண்டும்.

போர்மேனைத் தேடுவது என்றால் என்ன? மைவி, சாகா போன்ற உள்ளூர்க் காடிகளைப் பார்க்கும் பக்கத்துப் பட்டறைத் தவ்கே எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் காடிக்கு ஆகாது. சாதாரண ஸ்கேனர் எஞ்சின் கோளாறு எண்களைப் படிக்கும், அவ்வளவுதான். ஏர் சஸ்பென்ஷன் உயரத்தைச் சரிசெய்ய, கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றியபின் அதன் பழக்கத்தைத் திரும்பப் பதிய, பேட்டரி மாற்றியதைக் காடிக்குத் தெரிவிக்க, ரேஞ்ச் ரோவரைச் செய்யும் லேண்ட் ரோவருக்கென்றே உள்ள மென்பொருள் வேண்டும். அதனால் இரண்டு மூன்று பட்டறைக்கு நேரில் போங்கள். இந்த 3.0 எஞ்சினில் சூப்பர்சார்ஜரைக் கழற்றி அடியில் இருக்கும் கூலன்ட் பைப்பை மாற்றியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். மாற்றியவர் என்றால் எத்தனை மணி நேரம் பிடித்தது, எந்த போல்ட் மக்கர் பண்ணியது என்று தானாகவே சொல்ல ஆரம்பித்துவிடுவார். "எல்லாம் பண்ணலாம் பாஸ், கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னால் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பார்ட்ஸ் எங்கே எடுப்பார் என்றும் கேளுங்கள். ஓரி (கம்பெனிப் பெட்டியில் வரும் அசல்), ஓஇஎம் (அசலைச் செய்து கொடுக்கும் ஆலையின் சாமான்), ஹாஃப்கட் (வெட்டி உடைத்த பழைய காடியிலிருந்து எடுத்தது) என்று மூன்று வழி இருக்கிறது. ஹாஃப்கட் கடைச் சாமானை ஒரேயடியாக ஒதுக்கவேண்டியதில்லை. கதவு, விளக்கு, சீட், கண்ணாடிக்கெல்லாம் அது சரி. காற்றுப்பை, வாட்டர் பம்ப், ரப்பர் சம்பந்தப்பட்ட எதுவும் ஹாஃப்கட்டில் எடுக்காதீர்கள்.

இனி காசு. புதிதாக இருந்தபோது இந்தக் காடி இங்கே வீட்டு விலைக்கு விற்றது. இன்று காடியின் விலை விழுந்துவிட்டது, பார்ட்ஸின் விலை விழவில்லை. எனவே ஒன்றரை லட்சம் வைத்திருப்பவர் 120,000க்குள் காடியைப் பார்த்து, மீதி 30,000ஐ வங்கியில் தொடாமல் வைக்கவேண்டும் என்பது என் கணக்கு. அந்த முப்பதாயிரம் முதல் இரண்டு வருஷத்துக்கு. செலவாகவில்லை என்றால் சந்தோஷம்.

ரோட் டேக்ஸுக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள், அங்கே பெரிய அடி இல்லை. தீபகற்பத்தில் ஜீப் வகைக்கும் சலூன் வகைக்கும் விகிதம் வேறு. 2,500க்கு மேல் 3,000 சிசி வரை ஜீப் வகைக்கு அடிப்படை 840 வெள்ளி, அதற்குமேல் ஒவ்வொரு சிசிக்கும் 1.60. உங்கள் எஞ்சின் 2,995 சிசி. கணக்குப் போட்டால் 1,632 வெள்ளி வரும். இதே காடி 5.0 வி8 என்றால் ஏறக்குறைய 4,840. அதே ஐந்து லிட்டர் எஞ்சின் ஒரு சலூன் காடியில் இருந்தால் 11,000 வெள்ளியைத் தாண்டும். கெரானில் (காடியின் பதிவுப் பத்திரத்தில்) உடல் வகை என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ்தான் கடிக்கும். உங்கள் பழைய காடியில் சேர்த்துவைத்த என்சிடி (இழப்பீடு கேட்காத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) இருந்தால், உச்சம் 55 விழுக்காடு, அதை இதற்கு மாற்றிக்கொள்ளலாம். விற்பவரின் என்சிடி உங்களுக்கு வராது, அது ஆளுக்கு உரியது. இந்த வயதுக் காடிக்குச் சந்தை மதிப்பில் எடுக்காமல், முன்கூட்டியே தொகை பேசி ஒப்புக்கொள்ளும் முறையில் எடுங்கள். இல்லையென்றால் திருட்டு, மொத்தச் சேதம் என்று வரும் நாளில் மதிப்பு எவ்வளவு என்று சண்டை பிடிக்கவேண்டியிருக்கும். வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்க்கவேண்டும், சாதாரணக் காப்பில் அது அடங்காது.

சரி, காடிக்கு வருவோம்.

பார்க்கப் போகும் முதல் நாள் காலையிலேயே போங்கள். போகுமுன் கடைக்காரரிடம் "ஸ்டார்ட் பண்ணாதீங்க, நான் வந்த பிறகு பண்ணலாம்" என்று சொல்லிவையுங்கள். போனதும் முதல் வேலை, பானெட் மேல் கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் ஏதோ ஒரு சத்தத்தை மறைக்க முன்னாலேயே ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். இந்த எஞ்சின் குடும்பத்தில் டைமிங் செயின் தளர்ந்தால் குளிர்ந்த எஞ்சினை முடுக்கும் முதல் சில வினாடிகளில்தான் கடகடவென்று கேட்கும், சூடானதும் அடங்கிவிடும். ஒருவர் முடுக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து முன்பக்கம் காது கொடுத்து நிற்கவேண்டும்.

அடுத்தது கூலன்ட் பைப். உங்கள் 3.0 ஆறு சிலிண்டர் வி6. அதை வேறொரு எஞ்சின் என்று நினைக்காதீர்கள், எட்டு சிலிண்டர் 5.0 வி8 எஞ்சினின் உடலிலிருந்தே பிறந்தது. இரண்டுக்கும் ஒரே நோய்: முன்பக்கமும் சூப்பர்சார்ஜருக்கு அடியிலும் போகும் கூலன்ட் குழாய்கள் பிளாஸ்டிக். இரண்டு வார்ப்புகளை ஒட்டிச் செய்தவை, அந்த ஒட்டு வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து விரிசல் விடும். நம் ஊர் ஜாமில் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டைச் சொல்லவேண்டியதில்லை. அறிகுறிகள்: வண்டியை நிறுத்தியதும் இனிப்பான ஒரு வாடை, எஞ்சினின் முன்பக்க மூலைகளில் காய்ந்துபோன ஆரஞ்சு அல்லது வெள்ளைப் படிவு, கூலன்ட் தொட்டியில் அளவு குறைந்திருப்பது. டார்ச் அடித்துப் பாருங்கள். "கொஞ்சம் தண்ணி ஊத்தினா போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அலுமினிய உடலுள்ள எஞ்சின், ஒருமுறை கூலன்ட் இல்லாமல் கொதித்தால் சிலிண்டர் ஹெட் வளையும், அப்புறம் உங்கள் முப்பதாயிரம் அதிலேயே போய்விடும். முந்தைய சொந்தக்காரர் இந்தக் குழாய்களை ஏற்கெனவே மாற்றியதற்கு ரசீது இருந்தால் அந்தக் காடிக்கு இரண்டு மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்கலாம், நஷ்டமில்லை.

ஏர் சஸ்பென்ஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் ஏமாற்று வேலை அதிகம். நான்கு சக்கரத்துக்கும் சுருளுக்குப் பதில் ரப்பர் காற்றுப்பை. ஒரு கம்ப்ரசர் நான்குக்கும் காற்று ஊட்டும். பத்து வருஷத்தில் ரப்பர் மடியும் இடத்தில் நுணுக்கமான வெடிப்பு விடும். கசிவு சின்னதாக இருக்கும்போது பகலில் ஒன்றும் தெரியாது, கம்ப்ரசர் அடிக்கடி ஓடிச் சரிக்கட்டிவிடும். அப்படி ஓடி ஓடி கம்ப்ரசரும் தேயும். கடைசியில் பை ஒன்று, கம்ப்ரசர் ஒன்று என்று இரண்டு செலவு சேர்ந்து வரும். சோதிக்கும் வழி சுலபம். மாலையில் சமதளமான இடத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடு மூடியிலிருந்து மேலே மட்கார்ட் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் முடுக்குவதற்கு முன் திரும்ப அளக்கவேண்டும். ஒரு மூலை இறங்கியிருந்தால் கசிவு எங்கே என்று தெரிந்துவிட்டது. நான்கும் ஒரே அளவாக இறங்கியிருந்தால் "எல்லாம் சமமா இருக்கே" என்று ஏமாறாதீர்கள். லேண்ட் ரோவரின் கம்ப்யூட்டர் நிறுத்தியிருக்கும்போதும் அவ்வப்போது விழித்து, தாழ்ந்த மூலைக்கு ஏற்ப மற்ற மூன்றையும் இறக்கிவிடும். ஆக, ஒரு பை கசிந்தாலும் நான்கும் சேர்ந்து தாழ்ந்திருக்கலாம்.

முடுக்கிய பிறகு, ஆள் ஏறி இறங்கும் தாழ்ந்த உயரத்திலிருந்து காட்டுப் பாதைக்கான உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். நிதானமாக, நான்கும் ஒழுங்காக எழவேண்டும். பாதியில் நின்றாலோ, ஒரு பக்கம் சாய்ந்தபடி யோசித்துக்கொண்டு நின்றாலோ கம்ப்ரசருக்கு வயதாகிவிட்டது. பிறகு உங்கள் போர்மேன் மென்பொருளில் பழைய கோளாறுப் பதிவுகளைப் பார்க்கட்டும். எல்லாப் பதிவும் நேற்றுத்தான் அழிக்கப்பட்டது போல் சுத்தமாக இருந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

கியர்பாக்ஸ் இசட்எஃப் 8 கியர், உறுதியானது. "ஆயுளுக்கும் எண்ணெய் மாற்றவேண்டாம்" என்று ஒரு கதை உலவுகிறது. அதைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் சம்ப்போடு (அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டு) சேர்ந்தே வரும், அதனால் சம்ப் முழுவதும் மாறும். மாற்றியதற்குச் சான்று இல்லையென்றால் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

தோட்டத்துக்குப் போகிறீர்கள் என்பதால் இதைக் கவனியுங்கள்: லோ ரேஞ்ச், அதாவது ஏற்றத்திலும் சேற்றிலும் மெதுவாக இழுக்கும் கியர், இந்தத் தலைமுறை ஸ்போர்ட்டில் எல்லாக் காடியிலும் இருக்காது. சில வி6 காடிகளுக்கு ஒற்றை வேக டிரான்ஸ்ஃபர் பாக்ஸ்தான் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) போட்டார்கள். கியர் குமிழுக்குப் பின்னால், மலை மணல் படம் போட்ட குமிழின் அருகே லோ ரேஞ்ச் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நியூட்ரலில் போட்டு ஒருமுறை இயக்கிப் பாருங்கள், வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் இறுகிப்போன காடிகள் நிறைய. இல்லையென்றாலும் பதறவேண்டாம். செம்பனைத் தோட்டச் செம்மண் ரோட்டில் மழைக்குப் பிறகு வழுக்குவதற்கு லோ ரேஞ்சைவிட டயர்தான் முக்கியம். கடையில் பளபளக்கும் 21 அங்குல ரிம்மும் மெல்லிய டயரும் அந்தக் கல்லில் ஒரு வருஷம் தாங்காது, பக்கவாட்டில் கிழியும். வி6இல் 19 அங்குல ரிம் பொருந்தும், அதற்குத் தடித்த டயர் கிடைக்கும். கடைக்காரரிடம் மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார், பெரிய ரிம்முக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள். டயர் நான்கும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் ஓய்வில்லாமல் அல்லாடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

ஓட்டிப் பார்ப்பதற்குக் கடையைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. கோம்பாக் டோல் தாண்டி காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை ஏற்றவேண்டும். ஏர்கான் முழுதாகப் போட்டு, ஏற்றத்தில் அழுத்தி, மேலே போய் நிறுத்தி பானெட்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள். திரும்பும்போது வேண்டுமென்றே ஜாமான நேரத்தில் ஊருக்குள் வாருங்கள். ஏற்றமும் ஜாமும் இரண்டையும் தாங்கினால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம்.

மீட்டரில் 72,000 என்றீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது? இங்கிலாந்துக் காடிக்கு மைல்தான். 72,000 மைல் என்றால் கிட்டத்தட்ட 116,000 கிலோமீட்டர். கிலோமீட்டர் என்றே காட்டினால் அடுத்த சோதனைக்குப் போகலாம். இங்கிலாந்தில் காடிக்கு மூன்று வயது நிறைந்ததும் எம்ஓடி என்ற வருடாந்தரச் சோதனை கட்டாயம். அதன் முடிவையும் அன்றைய மீட்டரையும் அந்த நாட்டு அரசாங்கமே இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது, அங்கே ஓடிய பழைய நம்பர் பிளேட் எண் தெரிந்தால் போதும். உங்கள் காடி 2014இல் அங்கே ரோட்டுக்கு வந்து 2018 வாக்கில் கப்பலேறியிருந்தால் 2017இல் ஒரு எம்ஓடியாவது இருக்கவேண்டும். அதில் 41,000 மைல் என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம், அதுவே 66,000 கிலோமீட்டர். அப்புறம் இங்கே வந்து இத்தனை வருஷத்தில் வெறும் ஆறாயிரம் ஓடினதா? பழைய எண்ணை ஏற்றுமதித் தாள்களில் பார்க்கலாம். கடைக்காரர் "அதெல்லாம் இப்ப யார்கிட்ட இருக்கு" என்றால் ஒரு புள்ளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் வருஷம். இ என்றால் 2014, எஃப் என்றால் 2015, ஜி என்றால் 2016. கண்ணாடிக்கு அடியில் இருப்பதும் கதவுத் தூணில் இருப்பதும் கெரானில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். "2018 காடி" என்று கடையில் சொல்வது பதிவான வருஷம். ரீகான் காடி ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் வரலாம் என்பதால் இந்த விளையாட்டுக்கு நிறைய இடம் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் விலை செய்த வருஷத்துக்குத்தான்.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள். ஸ்போர்ட்டின் உடல் அலுமினியம், துருப்பிடிக்காது. ஆனால் அடியில் இருக்கும் சப்ஃபிரேம், பிரேக் பைப், சஸ்பென்ஷன் போல்ட் எல்லாம் இரும்பு. காடியை ஹாயிஸ்டில் ஏற்றிப் பாருங்கள். அலைன்மென்ட் போல்ட்கள் இறுகிப்போயிருந்தால் அலைன்மென்ட் செய்யவே சஸ்பென்ஷன் கையை வெட்டி எடுக்கவேண்டிவரும், சின்ன வேலை பெரிய ரசீதாகும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் அதற்குக் கீழே என்ன என்று சுரண்டிப் பாருங்கள். ஜப்பான் ரீகானில் இந்தத் தொல்லை குறைவு, காடியின் தரத்தை எழுதிய ஏல அட்டையும் கிடைக்கும். அட்டையில் ஆர் என்ற தரம் இருந்தால் அடிபட்டுச் சரிசெய்த காடி. ஜப்பான் காடியில் வேறொரு சின்னக் குறை: அங்கத்திய ரேடியோ 95க்கு மேல் போகாது, 96.3இல் வரும் மின்னல் எஃப்எம் கேட்க ஒரு அலை மாற்றி போடவேண்டும். அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வெள்ளத்தில் மூழ்கிய காடி. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவும் உலு லங்காட்டும் மூழ்கியது நினைவிருக்கும், 2017 நவம்பரில் பினாங்கு. அந்தக் காடிகள் எல்லாம் உடைத்துப் பார்ட்ஸாகப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசி வரை வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள், அந்த இடத்தைக் கழுவ யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. சீட்டை முன்னுக்குத் தள்ளித் தண்டவாளத்தின் அடியில் துரு, ஸ்பேர் டயர் குழியில் மண். அதே சமயம், கார்பெட் ஈரமாக இருந்தாலே வெள்ளம் என்று முடிவுகட்டவும் வேண்டாம். பெரிய கண்ணாடிக் கூரை உள்ள காடியில் ஓரத்து வடிகால் குழாய் அடைத்தாலும் மழைத் தண்ணீர் காலடியில்தான் இறங்கும். கூரையைத் திறந்து முன்மூலைப் பள்ளத்தில் ஒரு சின்ன பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், கீழே சக்கரத்துப் பக்கம் சொட்டவேண்டும். இன்னொன்று, இந்தக் காடி 850 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் என்று விளம்பரம் சொல்லும். அது புதுக் காடிக்கு, புது ரப்பருக்கு.

லேண்ட் குரூசர் கேள்வி. தோட்டமும் குடும்பமும் மட்டும்தான் தேவை, மனசுக்கு ரேஞ்ச் ரோவர் வேண்டும் என்றில்லை என்றால் டொயோட்டாதான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் அது விலை விழாத காடி. அதே காசுக்கு வயதில் மூத்ததுதான் கிடைக்கும். லேண்ட் குரூசர் பிராடோ 2.7 பெட்ரோலுக்கு ரோட் டேக்ஸ் சுமார் 1,150, தொந்தரவே தராது, ஆனால் அந்த எடைக்கு அந்த எஞ்சின் போதாது, கெந்திங் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் பொறுமை பழகவேண்டும். லேண்ட் குரூசரின் உடன்பிறப்பான லெக்ஸஸ் எல்எக்ஸ்570 சொகுசு, ஆனால் 5,663 சிசி, ரோட் டேக்ஸ் மட்டும் 5,900. அதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன். தாழ்ந்த உயரத்துக்கும் உயர்ந்த உயரத்துக்கும் எண்ணெய்த் தொட்டியில் அளவு நன்றாக மாறவேண்டும், கொஞ்சம்தான் மாறுகிறது என்றால் அதன் வாயு உருண்டைகள் தீர்ந்துவிட்டன.

லேண்ட் ரோவரின் டிஸ்கவரி 4 டீசல் மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னொருவர் கேட்பார். ஏழு பேர் உட்காரலாம், காட்டில் ஸ்போர்ட்டைவிடக் கெட்டி. அந்த 3.0 டீசலில் கிராங்க்‌ஷாஃப்ட் உடையும் நோய் உலகம் முழுக்கத் தெரிந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் வரும், வந்தால் எஞ்சின் போச்சு. பெரிய வேலைக்கு உடலையே சேசிஸிலிருந்து தூக்குவார்கள். எண்ணெயைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றியதற்கு முழு ரசீது இருந்தால் மட்டும் பாருங்கள். தவிர, 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் மானியம் போய் லிட்டர் 3.35க்கு ஏறியதோடு டீசலின் பழைய லாபக் கணக்கும் போயிற்று. ஊருக்குள் மட்டும் ஓடினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லை வேறு. போர்ஷே கயேன் என்றால் 2010க்குப் பிந்தைய மாடலில் லோ ரேஞ்சே இல்லை. மெர்சிடிஸ் ஜி கிளாஸ் பற்றி இந்த பட்ஜெட்டில் பேச ஒன்றுமில்லை. அந்த விலைக்கு ஒரு ஜி யாராவது காட்டினால் வேறு ஏதோ இருக்கிறது.

அந்த "வேறு ஏதோ"வில் முதலாவது சம்போங் பாயார். முகநூலில் பாதி விலைக்கும் குறைவாகச் சொகுசுக் காடி ஓடும்: "டிப்பாசிட் கொஞ்சம், மாதத் தவணையை நீங்க கட்டுங்க." லோன் முடியும்வரை காடி வங்கியுடையது. வங்கி சம்மதமில்லாமல் இப்படிக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். நீங்கள் ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருந்தாலும் பெயர் உங்களுடையதில்லை, ஒருநாள் காலையில் காடி வாசலில் இருக்காது. இரண்டாவது லங்காவி, லபுவான் பதிவுக் காடிகள், வரி கட்டாதவை. கே.வி. என்று தொடங்கும் லங்காவி பிளேட்டைக் கேஎல்லில் மலிவாகக் காட்டினால் வரி யார் கட்டுவது என்று முதலில் கேளுங்கள். மூன்றாவது, விலையை ஏற்றி எழுதி முழு லோன் எடுத்துத் தருகிறேன் என்பவர். கடன் உங்கள் தலையில், பொய்யில் உங்கள் கையெழுத்து.

முறையான கடை என்றால் பெயர் மாற்றத்துக்கு வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 சோதனை, லோன் என்றால் பி7. பி5 பாஸ் ஆனது காடி நல்லது என்பதற்கு அத்தாட்சி இல்லை. எஞ்சின், சேசிஸ் எண்களும் அடிப்படைப் பாதுகாப்பும்தான் அங்கே பார்ப்பது, கூலன்ட் பைப்பை யாரும் பார்க்கமாட்டார்கள். சம்மன் பாக்கி, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) தடை எதுவும் இல்லை என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். முன்பணம் கொடுத்தால் ரசீதில் "பட்டறைச் சோதனையில் திருப்தி இல்லாவிட்டால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் முன்பணம் வேண்டாம். கடையில் வாங்கினால் பிற்பாடு தகராறு வந்தாலும் 50,000 வெள்ளி வரை பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், தனி ஆளிடம் வாங்கினால் அந்தக் கதவு இல்லை.

உங்கள் சுங்கை பீசி காடிக்கு என் யோசனை: பழைய பிளேட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், போர்மேனை அழைத்துக்கொண்டு காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கேளுங்கள், ஒரு ராத்திரி நிறுத்தி அளந்து பாருங்கள். இந்த மூன்றுக்கும் கடைக்காரர் ஒத்துழைத்து, மீட்டரும் பொய் சொல்லவில்லை என்றால், கூலன்ட் பைப், கியர்பாக்ஸ் எண்ணெய், டயர் இந்த மூன்றையும் எழுதி நீட்டி விலைப் பேச்சைத் தொடங்குங்கள். 120,000க்கு மேல் போனால் உங்கள் கையிருப்பு குறைந்துவிடும், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதே மாடல் அடுத்த மாதமும் கிடைக்கும், சந்தையில் நிறைய நிற்கிறது. வாங்கிவிட்டால் முதல் வாரத்திலேயே பேட்டரியைச் சோதியுங்கள். இந்தக் காடியில் பேட்டரி பலவீனமானால் சஸ்பென்ஷன், கியர், கேமரா என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியும், தெரியாத பட்டறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பில் போடும்.